நானுஓயாப் பாதையும் மோட்டார் வண்டியும்: எழுதப்படாத ஒரு வரலாறு

மலையகத்தின் வரலாற்றைத் தேயிலையின் வரலாறாகவும் புகையிரதத்தின் வரலாறாகவும் எழுதுவதே நம்மிடையே வழக்கமாக இருந்து வந்துள்ளது. அம்மலைகளில் ஏறிய மோட்டார் வண்டிகளும், அவற்றை ஏறச் செய்த தொழில் அறிவும் உரிய கவனத்தைப் பெறவில்லை. அவ்வறிவும் வரலாற்றின் ஒரு கூறே என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1885ஆம் ஆண்டு புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,613 மீற்றர் உயரத்திலுள்ள இந்நிலையத்திலிருந்து, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குச் செல்லக் குறுகிய புகையிரதப் பாதை ஒன்று 1903இல் திறக்கப்பட்டுப் பின்னர் இராகலை வரை நீண்டது. ஆயின், வீதியில் பஸ்களும் லொறிகளும் பெருகவே அப்பாதை 1940களில் மூடப்பட்டது. மலையேறும் பணியில் நீராவியைப் பெற்றோல் வென்றது.

எனினும், நீராவி எஞ்சினை அதிகம் வருத்தாத ஓர் இடர் பெற்றோல் எஞ்சினுக்கு உண்டு. அது காற்றின் மென்மையாகும். பெற்றோலையும் காற்றையும் அளவறிந்து கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் உறுப்பே காபரேற்றர். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்கு மட்டுமே. எனவே, கொழும்பில் செம்மையாக ஓடிய வண்டி இங்கு வந்ததும் பெற்றோல் மிகுந்த கலவையை உண்டு, கரும்புகை கக்கி, தீப்பொறிக் கட்டைகளிற் கரி படிய, மூச்சு முட்டி நிற்கும்.

மொறிஸ் மைனர், மினி முதலிய பிரித்தானிய வண்டிகளில் பொருத்தப்பட்டது எஸ்.யு. காபரேற்றர். இதனைச் சீர்செய்யும் முறை எளிது. ஆனால் செவிப்பயிற்சி வேண்டுவது. எஞ்சின் சூடேறிய பின், அடியிலுள்ள நட்டைத் திருகி ஜெற்றை உயர்த்தினால் பெற்றோல் குறையும், தாழ்த்தினால் கூடும். பின்னர் உள்ளிருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்லத் தூக்கிக் கேட்கவேண்டும். ஓட்டம் விரைந்து அவ்வாறே நின்றால் பெற்றோல் மிகுதி. எஞ்சின் தடுமாறி அணைந்தால் பெற்றோல் குறைவு. சற்றே விரைந்து தன்னிலைக்கு மீண்டால் கலவை சரி. மலைக்கெனச் சீர்செய்த வண்டியை அவ்வாறே கொழும்புக்கு இறக்குதலும் தவறாகும். அடர்ந்த காற்றிற் கலவை மெலிந்து எஞ்சின் மிகையாகச் சூடேறும். கலவையைச் செம்மை செய்தாலும் உயரத்தில் இழந்த வலு முழுவதும் மீளாது. ஆதலின், வளைவுக்கு முன்னரே கியரைக் குறைத்து, எஞ்சினின் வேகம் விழாது காத்து ஏறுதல் ஓட்டுநரின் கடனாயிற்று.

இவ்வறிவு உலகெங்கும் போற்றப்பட்ட ஒன்றென்பது ஈண்டு நோக்கற்பாலது. 1964, 1965, 1967ஆம் ஆண்டுகளில் மொன்டே கார்லோ ரலிப் போட்டியில் மினி கூப்பர் வண்டிகள் வென்றன. அப்போட்டியிற் புகழ்பெற்ற துரினிக் கணவாயின் உயரம் 1,607 மீற்றர். நானுஓயா நிலையத்தின் உயரத்தோடு அது ஏறத்தாழ ஒக்கும். ஓட்டிய ஹொப்கேர்க், மக்கினன், ஆல்ற்றனன் ஆகியோரின் புகழோடு, இங்கிலாந்தின் அபிங்டனில் அவ்வண்டிகளைச் செப்பனிட்டோரின் பணியும் நூல்களில் இடம்பெற்றுள்ளது.

நம் நாட்டிலும் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டப் பாதையில் வண்டிகள் ஒவ்வொன்றாக நேரத்தோடு போட்டியிட்டு ஏறுவது அது. நானுஓயாவை அடுத்த ராதல்லையிலும் மலையேற்றப் போட்டிகள் நடைபெற்றுள்ளன. முடிவுப் பட்டியல்கள் ஓட்டியவர் பெயரையும் எடுத்த நேரத்தையும் கூறும். ஜெற்றைத் திருகிய கையை அவை கூறா. தோட்டப் பாதைகளை வெட்டிச் சமைத்த தொழிலாளரோ பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தோரும் அவர் வழியினருமாவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அம்மக்களின் உழைப்பின்மீதே அவ்வண்டிகள் ஓடின.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டிகளின் இறக்குமதி இறுகியபோது, பழைய வண்டிகளைக் கைவிடுதற்கு வழியிருக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, பழுதுபார்ப்போரின் கைத்திறனே அவற்றிற்கு உயிரூட்டியது. இன்றோ, காற்றை அளந்து பெற்றோலைத் தானே திருத்தும் மின்னணு உட்செலுத்தி காபரேற்றரின் இடத்தைப் பிடித்துவிட்டது. கேட்டறியும் செவிக்கு வேலை குறைந்தது. அச்செவியுடையோரும் முதுமை எய்திவிட்டனர்.

ஒரே உயரம், ஒரே காபரேற்றர், ஆயினும் துரினிக்கு வரலாறு உண்டு, நானுஓயாவுக்கு இல்லை. இவ்வேறுபாடு திறமையினால் வந்ததன்று. எழுதுவோர் இருந்தமையாலும் இல்லாமையாலும் வந்ததாகும். நானுஓயாவிலும் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் கராஜ்களிற் பணிபுரிந்த முதியோரை, எவ்வினத்தவராயினும், அணுகி, அவர்கள் கற்ற விதத்தையும் கையாண்ட முறைகளையும் சொற்களையும் பதிவு செய்தல் பல்கலைக்கழக மாணவராகிய நமது கடமையாகும். ஏடுகளில் இல்லாததனால் ஒரு தொழில் இல்லாததாகிவிடாது; ஆனால் அதனை அறிந்த இறுதி மனிதரும் மறைந்தபின், இருந்ததென்று நிறுவுதற்கு நம்மிடம் எதுவும் எஞ்சாது.