வாவி கடந்த கல்வி

மட்டக்களப்பில் 'பாதை' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. வாவியின் இரு கரைகளுக்கிடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கும் இங்கே அதுவே பெயர். மண்முனைப் பாதை, குருமண்வெளிப் பாதை என்றால் எம்மவர்க்கு நீர்தான் நினைவில் வரும். இப்பிரதேச மாணவர் கல்விக்காக நடந்த வழியின் வரலாறு இச்சொல்லுக்குள்ளே கிடக்கிறது.

வாவியின் கீழ்த்திசை எழுவான்கரை, மேற்றிசை படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு முன்னோர் இட்ட பெயர்கள் இவை. பெயர்பெற்ற பாடசாலைகள் பலவும் புளியந்தீவிலும் எழுவான்கரையிலும் அமைந்தன. 1924 இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டதும் தெற்கேயிருந்து வந்த பிள்ளைகள் கால்நடையாகவும் துவிச்சக்கர வண்டியிலும் நகரப் பாடசாலைகளை அடைய முடிந்தது. 1928 இல் புகையிரதம் வந்தது. அதன்பின் உயர்கல்வி நாடியோர் பெட்டி படுக்கையுடன் கொழும்புக்குப் புறப்பட்டனர்.

அக்கொழும்பிலே, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். பேராசிரியரைத் தந்த கிழக்கு மண், தனக்கென ஓர் உயர்கல்விக்கூடம் காண மேலும் முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தது. 1981 ஆகஸ்ட் 1 ஆம் திகதி, வந்தாறுமூலையிற் பாடசாலை ஒன்றின் வளவிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

ஆயினும் வளாகம் நகரில் இல்லை. தன்னாமுனை, மயிலம்பாவெளி, ஏறாவூர், செங்கலடி, கொம்மாதுறை என ஊர்களை ஒவ்வொன்றாகக் கடந்தே வந்தாறுமூலையை அடையவேண்டும். போர்க்காலத்தில் இவ்வழியைச் சோதனைச் சாவடிகள் நீட்டின. மைல் கணக்கு மாறவில்லை. விரிவுரைக்குப் போய்ச்சேரும் நேரத்தை எவராலும் கணிக்க முடியவில்லை. 1990 இல் ஊர்மக்கள் அடைக்கலம் தேடி இவ்வளாகத்தில் நிறைந்தனர். செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவேயில்லை. அவ்வாயிலைக் கடக்கும் ஒவ்வொரு தலைமுறை மாணவரும் அறிந்திருக்கவேண்டிய செய்தி இது.

படுவான்கரை மாணவர்க்கோ பஸ் ஏறுமுன் வாவியைக் கடக்கும் பாடு இருந்தது. மாரியில் நீர் பெருகினால் பயணம் தடைப்படும். மிதவையை நம்பி, இருட்டுமுன் வீடு திரும்பவேண்டிய பெண்பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கியதில் வியப்பென்ன? 2013 இல் கல்லடியிற் புதுப்பாலம் எழுந்தது. மறு ஆண்டு மண்முனையிலும் பாலம் திறக்கப்பட்டது. கல்லடியின் முதற்பாலத்துக்கும் மண்முனைப் பாலத்துக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள்!

இரு கரைகளின் கல்வியை ஒப்பிட முனைவோர் பரீட்சைப் பெறுபேறுகளை மட்டும் எண்ணுவது போதாது. அந்தத் தொண்ணூறு ஆண்டுகளையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். படுவான்கரைப் பிள்ளையின் அறிவுக்கு ஒருநாளும் குறைவிருந்ததில்லை, குறைவாயிருந்தது பாலம்.