சுமைதாங்கிச் சட்டையின் கதை



கடந்த பள்ளி விடுமுறையில் சிங்கையில் வாழும் என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தமக்கையின் மகன் அங்கே தேசிய சேவையை முடித்தவன். படைப்பயிற்சிக்கு மீண்டும் அழைக்கப்படும் கையிருப்பு வீரர்களுள் ஒருவன். மறுநாள் முகாமுக்குச் செல்ல வேண்டியிருந்ததால், கூடத்தின் நடுவே தன் உடைமைகளையெல்லாம் பரப்பி வைத்திருந்தான். அவற்றுள் கையில்லாத சட்டையைப் போன்ற ஒன்று என் கண்ணில் பட்டது. அதன் முன்புறத்திலும் விலாப்பக்கங்களிலும் சிறிதும் பெரிதுமாகப் பைகள் இருந்தன. ஒரு பையைக் கழற்றி வேறிடத்தில் பொருத்துவான், அணிந்து கொள்வான், தரையில் குப்புறப் படுப்பான், எழுந்து இரண்டு முறை குதிப்பான், மீண்டும் கழற்றுவான்.

"என்னப்பா இது, தையற்கடையில் அளவு பார்ப்பதைப் போல?" என்று கேட்டேன்.

"மாமா, இதை இன்னிக்குச் சரியா மாட்டலன்னா, நாளைக்கு நான் பேச வேண்டியதில்ல. தோளும் இடுப்பும்தான் பேசும்" என்றான்.

அருகில் அமர்ந்திருந்த அத்தான் சிரித்தார். அவர் காலத்தில் சட்டை இல்லையாம்; 'எஸ்பிஓ' என்று அழைக்கப்பட்ட இடுப்புப் பட்டையும் தோள்வார்களும்தாம். படைவீரனின் உடலில் எதனை எங்கே தொங்கவிடுவது என்பதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்னும் வியப்பு அன்று எனக்கு எழுந்தது. ஊர் திரும்பியதும் படிக்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் 'லோட் பேரிங் வெஸ்ட்' எனப்படும் அதனை இக்கட்டுரையில் 'சுமைதாங்கிச் சட்டை' என்றே குறிப்பிடுகிறேன்.

தோலிலிருந்து நூலுக்கு

போர்வீரன் சுமப்பது புதிய செய்தியன்று. நம் முன்னோர் அம்பறாத்தூணியை முதுகில், தோளுக்குப் பின்னே கட்டினர். கண் எதிரியை நோக்கியிருக்க, கை தானாகச் சென்று அம்பை எடுக்க வேண்டும் என்பதே காரணம். உரோமைத் தளபதி மாரியசின் படையினர் தம் உடைமைகளைத் தாமே சுமந்ததால் 'மாரியசின் கோவேறு கழுதைகள்' என்று பெயர் பெற்றனர். பிற்காலத்து உரோமை ஆசிரியர் வெகேட்டியசு, புதிய வீரர்கள் 60 உரோமைப் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடையுடன் நடந்து பழக வேண்டும் என்று எழுதினார். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

துப்பாக்கிக் காலத்தில் நெடுங்காலம் தோல் வார்களே பயன்பட்டன. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் அவற்றின் குறைகள் வெளிப்பட்டன. மழையில் ஊறினால் தோல் கனக்கும். வெயிலில் காய்ந்தால் விறைத்து வெடிக்கும். நாள்பட்டுத் தளர்ந்த பைகளிலிருந்து தோட்டாக்கள் வழியெங்கும் உதிர்ந்தன.

இதற்கு விடை நெசவிலிருந்து வந்தது. ஆன்சன் மில்சு என்னும் அமெரிக்கப் படை அதிகாரி, தோட்டாக்களைச் செருகி வைக்கும் இடுப்புப் பட்டையைப் பருத்தி நூலால் தடிமனாக நெய்யும் முறையை வகுத்திருந்தார். பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த மேஜர் பரோசு அந்த நெசவுப் பட்டையைக் கொண்டு முழுமையான தொகுதி ஒன்றை வடிவமைத்தார். அதுவே 1908ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட '1908 பேட்டர்ன்'. இடுப்பின் இருபுறமும் ஐந்தைந்தாகப் பத்துச் சிறு பைகள், ஒவ்வொன்றிலும் 15 தோட்டாக்கள், ஆக 150. தண்ணீர்க் குடுவை, துப்பாக்கி ஈட்டி, மண்வெட்டும் கருவி, முதுகுப்பை ஆகிய அனைத்தும் ஒரே தொகுதியாக இணைந்திருந்தன. முன்புறக் கொக்கியை அவிழ்த்தால் மேலங்கியைக் கழற்றுவது போல மொத்தத்தையும் ஒருசேரக் கழற்றலாம்.

முன்னே தோட்டா, பின்னே மூட்டை. ஒன்றின் எடை மற்றொன்றைச் சமன் செய்தது. இதைப் படித்தபோது என் தாயார் தோட்டத்தில் தூக்கிய காண்டா கம்பு நினைவுக்கு வந்தது. இரு முனையிலும் பால் வாளி இருந்தால் உடல் நிமிர்ந்து நடக்கும். ஒரு முனையில் மட்டும் வாளியிருந்தால், அதன் எடை பாதியே ஆனாலும் முதுகு வளையும். தோட்டத்துப் பெண்கள் இதனை எந்த நூலிலும் படித்தவர்களல்லர்.

மலாயாக் காடு கற்பித்த பாடம்

அடுத்த பெரும் மாற்றம் '1937 பேட்டர்ன்'. சிறு பைகள் நீங்கி, மார்பின் கீழே இருபுறமும் இரண்டு பெரிய பைகள் வந்தன. காரணம், பிரென் இயந்திரத் துப்பாக்கி. அதன் மேகசின்களைக் குழுவிலுள்ள ரைபிள் வீரர்களும் பகிர்ந்து சுமக்க வேண்டியிருந்தது. தன் சுமையோடு பக்கத்து வீரனின் ஆயுதத்திற்கான சுமையும் அன்றே சேர்ந்துவிட்டது.

இத்தொகுதியை அணிந்த பிரிட்டிஷ், இந்தியப் படையினர் மலாயாவில் போரிட்டனர். ஜப்பானியர் 8-12-1941 அன்று கோத்தா பாருவில் இறங்கினர். 15-2-1942 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் பல இடங்களில் சைக்கிள்களில் விரைந்தனர் என்பது நாமெல்லாம் பாட நூலில் படித்த செய்தியே. அதனைச் சுமையின் கோணத்தில் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களுடைய சுமையின் பெரும்பகுதி முதுகிலிருந்து சக்கரத்திற்கு மாறியிருந்தது.

காட்டின் ஈரத்தில் பருத்திப் பட்டை நீரை உறிஞ்சிக் கனத்தது; விறைத்தது; பூசணம் பிடித்து மக்கியது. பர்மாப் போர்முனையிலும் இதே துன்பம். இவற்றிலிருந்து கற்ற பாடமே '1944 பேட்டர்ன்'. முன்னரே சுருக்கப்பட்டு, மக்காத வண்ணம் பதப்படுத்தப்பட்ட, எடை குறைந்த பச்சை நிறப் பட்டை அது. இடுப்பு வாரில் வரிசையாகத் துளைகள் இட்டனர். வேண்டிய பொருளைக் கம்பிக் கொக்கியால் அவற்றில் மாட்டலாம். ஆனால் அது பரவலாக வருவதற்குள் போர் முடிந்தது.

அதன் உண்மையான பயன்பாடு நம் மண்ணில்தான் நிகழ்ந்தது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 31-7-1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் காட்டுக்குள் சென்ற படையினர் பலர் அணிந்தது இப்பச்சைப் பட்டைகளையே.

என் தாத்தா பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும்போது இடுப்பில் வெளுத்த பச்சை வார் ஒன்றைக் கட்டியிருப்பார். உளியும் சாணைக்கல்லும் அதில் தொங்கும். பட்டணத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியது என்பார். அவர் மறைந்த பின்னரும் அந்த வார் எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கியது. அதன் வரிசைத் துளைகள் எதற்கென்று சிறுவயதில் எனக்கு விளங்கவில்லை. 1944 பேட்டர்னின் படத்தைப் பார்த்த அன்றுதான் விளங்கிற்று. உளியை வலக்கை எட்டும் இடத்திலும், எப்போதாவது வேண்டப்படும் சாணைக்கல்லைப் பின்புறத்திலும் தாத்தா மாட்டியிருந்தார்.

பட்டை சட்டையான கதை

எல்லாவற்றையும் வாரில் தொங்கவிடுவதற்குப் பதிலாகப் பைகள் தைத்த சட்டையையே அணிந்தால் என்ன? 1942இல் ரிவர்ஸ் மக்பெர்சன் என்னும் பிரிட்டிஷ் கர்னல் கான்வாஸ் துணியால் 'பேட்டில் ஜெர்கின்' என்னும் போர்ச்சட்டையை வடிவமைத்தார். 6-6-1944 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கியவருள் சிலர் அதனை அணிந்திருந்தனர். அமெரிக்கரும் தம் முதல் அணிகளுள் சிலவற்றுக்கு இத்தகைய சட்டையைத் தந்தனர். கடல்நீரில் ஊறியதும் அது கனத்துவிட்டது. பைகள் இருந்தமையால் அவை நிரப்பப்பட்டன. நிரப்பப்பட்டமையால் வீரர்கள் நீரில் தடுமாறினர்.

இந்தத் துயரத்தை ஆராய்ந்தவருள் ஒருவர் எஸ்.எல்.ஏ. மார்ஷல். வீரனின் சுமையைப் பற்றி 1950இல் அவர் வெளியிட்ட சிறு நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அவருடைய வேறு சில கணக்குகளைப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் ஐயுற்றனர். ஆயினும், மிகுசுமை உடலை மட்டுமன்றி மனத்துணிவையும் அரிக்கிறது என்னும் அவருடைய கருத்து நிலைத்தது.

பின்னர் வியட்நாமின் ஈரம் பருத்தியை நைலானாக்கியது. சீன, வியட்நாமிய வீரர்கள் மேகசின்களை மார்பில் கட்டும் எளிய பையை அணிந்தனர். 1980களின் இறுதியில் அமெரிக்கத் தரைப்படை தன் சுமைதாங்கிச் சட்டையை வெளியிட்டது. எடை தோள் முழுவதும் பரவியது நன்மை. பைகள் நிலையாகத் தைக்கப்பட்டிருந்தமையும் உடல் வெந்ததும் குறை. மருத்துவ உதவியாளனுக்கும் துப்பாக்கி வீரனுக்கும் ஒரே பையமைப்பு எவ்வாறு பொருந்தும்?

1997இல் அறிமுகமான 'மோலி' அமைப்பு இதற்கு வழி கண்டது. சட்டையின் மீது ஓர் அங்குல அகலமுள்ள நைலான் நாடாக்களை ஓர் அங்குல இடைவெளியில் வரிசை வரிசையாக வைத்து, ஒன்றரை அங்குலத்திற்கு ஒரு தையல் போட்டனர். பையின் பின்னுள்ள வாரை அந்த நாடாவிலும் பையின் நாடாவிலும் மாறி மாறிக் கோத்தால், கூடை முடைவது போல இறுகிவிடும். எந்தப் பையையும் எங்கும் பொருத்தலாம். இன்று பல நாட்டுப் படைகள் இம்முறையையோ இதனையொத்த முறையையோ பின்பற்றுகின்றன.

எதை, எங்கே?

இனி, தமக்கை மகன் எனக்கு விளக்கிய முறைக்கு வருகிறேன்.

முதலாவது, பையைத் தேர்வதற்கு முன் பொருளைத் தேர வேண்டும். பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். பை இருக்கிறதே என்று பொருளைத் தேடுகின்றனர்.

இரண்டாவது, உயிர் காக்கும் பொருளுக்கே முதலிடம். வலக்கையால் சுடுபவன் இடக்கையால் மேகசினை எடுப்பான். ஆகவே அது இடப்புறம். குருதியை நிறுத்தும் கட்டு இரு கைகளுக்கும் எட்ட வேண்டும். முதலுதவிப் பை குழுவிலுள்ள அனைவருக்கும் ஒரே இடத்தில் இருத்தல் நன்று. காயமுற்றவனின் பையைத் திறப்பவன் பெரும்பாலும் தோழனே.

மூன்றாவது, துப்பாக்கிக் கட்டை ஊன்றும் தோளில் எதுவும் கூடாது. வயிற்றின் நடுவே தடித்த பை இருந்தால் தவழ இயலாது. முதுகில் பை மிகுந்தால் மூட்டையைச் சுமக்க இயலாது.

நான்காவது, தண்ணீர் கனமானது. குடிக்கக் குடிக்கக் குறைவது. அதனை ஒரே பக்கத்தில் வைத்தால் காலையில் ஒருபுறமும் மாலையில் மறுபுறமும் சாய வேண்டியிருக்கும்.

இறுதியாக, சோதனை. படுத்துப் பார்த்தல், மண்டியிட்டுப் பார்த்தல், ஓடிப் பார்த்தல், குதித்துப் பார்த்தல். குதிக்கும்போது ஓசை எழுந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது. ஆழ்ந்து மூச்சிழுத்தால் வார் நெஞ்சைப் பிடிக்கக் கூடாது.

பட்டியல் எழுதுபவர்

இவ்வளவு அறிவும் வளர்ந்த பின் வீரனின் சுமை குறைந்திருக்க வேண்டுமல்லவா? 1990இல் வெளிவந்த அமெரிக்கத் தரைப்படைக் கையேடு, சண்டையின்போது சுமை 48 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றது. அது ஏறத்தாழ 22 கிலோ. 2003இல் ஆப்கானிஸ்தானில் அதே படையினர் தம் வீரர்களை நேரில் எடையிட்டனர். ரைபிள் வீரனின் சண்டைச் சுமை சராசரியாக 63 பவுண்டு; அதாவது 28 கிலோவுக்கும் மேல். குண்டு துளைக்காத கவசமும் அதில் அடக்கம். நினைவில் வைக்கச் சொன்ன வெகேட்டியசின் 20 கிலோவை இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். தோல் நூலாயிற்று, நூல் நைலானாயிற்று, பட்டை சட்டையாயிற்று. மிச்சப்பட்ட ஒவ்வொரு கிலோவிலும் வேறொன்று ஏறி அமர்ந்தது.

இதனைப் படித்தபோது என்னால் பிறரைக் குறைகூற முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிச் சாரணர்களை ஒரு குன்றடி முகாமுக்கு அழைத்துச் சென்றேன். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். ஏற்றத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பின்தங்கினான். வில்லாக வளைந்து நடந்தவன் ஒரு வேர் தடுக்கி முகங்குப்புற விழுந்தான், உதடு கிழிந்தது. தேவையற்றதையெல்லாம் அடைத்து வந்திருப்பான் என்று கடிந்தவாறே அவன் பையைத் திறந்து கொட்டினேன். என் பட்டியலில் இல்லாத பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் அடுக்கியிருந்தான். "ஐயா, எல்லாம் சரியா இருக்குங்களா?" என்று உதட்டில் குருதியோடு கேட்டான்.

அன்று என் தோளில் தொங்கியது ஒரு தண்ணீர்ப் புட்டி மட்டுமே.

மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்தார். போருக்கு எழும் அரசனை நோக்கிய அதிகாரம் அது. ஏற்றுபவனுக்கே அந்த அறிவுரை, வண்டிக்கு அன்று.

அந்த முகாமுக்குப் பின், பட்டியலில் உள்ள அனைத்தையும் முதலில் நானே ஒரு பையிலிட்டுத் திடலை மூன்று சுற்று நடந்து பார்ப்பது வழக்கமாயிற்று. அவ்வாறு நடந்த முதல் ஆண்டே பட்டியலின் பாதி போயிற்று.

தமிழகத்துப் பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கும். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறவே அவற்றை நட்டனர். அந்தப் பெயரைத்தான் இச்சட்டைக்கு நான் கொடுத்திருக்கிறேன்; ஆனால் இது இறக்கி வைக்க உதவுவதன்று.

சிங்கையில் அன்றிரவு, எல்லாவற்றையும் மாட்டி முடித்த தமக்கை மகன் சட்டையைக் குளியலறைத் தராசில் வைத்தான். சற்று யோசித்துவிட்டு இரு சிறு பைகளைக் கழற்றி அலமாரியில் போட்டான். "இது வேண்டாம் மாமா. இருந்தா ஏதாவது வைக்கத் தோணும்" என்றான்.