குழந்தைப் பருவக் கொடுமையும் இளையோரின் இடர் நடத்தையும்

சிறுவயதில் அடி உதை, பாலியல் அத்துமீறல், ஓயாத வசவு, கவனிப்பார் இல்லாத புறக்கணிப்பு ஆகியவற்றுக்கு ஆளானவர்கள், வளர்ந்தபின் தமக்கே கேடு தரும் செயல்களில் மற்றவர்களைவிடக் கூடுதலாக இறங்குவது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. அளவுமீறிய குடி, போதைப்பொருள், பாதுகாப்பற்ற உடலுறவு, கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுதல், வன்முறை முதலியவை இடர் நடத்தை எனப்படுகின்றன.

இத்தொடர்பைப் பரவலாக அறியச் செய்தவர் அமெரிக்க மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி. 1980களில் சான் டியாகோவில் அவர் நடத்திய உடற்பருமன் சிகிச்சையில், எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தது. ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து அவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் 9,508 பேர் இடம்பெற்றனர். பெற்றோரின் குடி, தாய்மீதான வன்முறை போன்ற குடும்பச் சூழலும் அதில் கணக்கிடப்பட்டது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைக் கண்டவர்களிடம் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை 4 முதல் 12 மடங்குவரை அதிகமாக இருந்தன. மருத்துவர் கண்ணுக்கு நோயாகத் தெரியும் பழக்கம் அந்த மனிதருக்கு வலிமருந்தாக இருக்கலாம் என்பது ஃபெலிட்டியின் வாதம். துணிச்சலும் திமிருமே காரணம் என்ற வழக்கமான ஏச்சைவிட இது உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் அவர் கேட்டது பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களின் நினைவுகளை. நினைவை மட்டும் நம்பும் ஆய்வுக்கு அதற்குரிய பலவீனம் உண்டு.

பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே தொடரும் ஆய்வுகள் இக்குறையைத் தவிர்க்கின்றன. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேர் இன்றுவரை பின்தொடரப்படுகிறார்கள். இடர் நடத்தையில் கொடுமை மட்டுமன்றி ஆளுமைக்கும் உள்ள பங்கு இந்த ஆய்வில்தான் தெளிவாயிற்று. அவ்ஷலோம் காஸ்பி குழுவினரின் 1997ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, 21 வயதில் குடிக்கு அடிமையானவர்கள், வன்முறைக் குற்றம் செய்தவர்கள், பாதுகாப்பற்ற உறவு கொண்டவர்கள், ஆபத்தாக வண்டி ஓட்டியவர்கள் ஆகிய நான்கு பிரிவினரிடமும் 18 வயதிலேயே ஏறத்தாழ ஒரே குணக்கூட்டு காணப்பட்டது: அடக்கம் குறைவு, ஆபத்துக்கு அஞ்சாமை, சீறும் சுபாவம். இதன் வேர் மூன்று வயதுக் குழந்தையின் கட்டுக்கடங்காத இயல்புவரை நீண்டது.

கொடுமையும் குணமும் தனித்தனித் தடங்களில் செல்வதில்லை. அஞ்சி வளரும் பிள்ளைக்குத் தன் உணர்ச்சியை ஆற்றிக்கொள்ளும் பழக்கம் கைகூடுவது கடினம். மனம் நொந்த வேளையில் யோசிக்காமல் செயலில் இறங்கும் போக்கு, கொடுமையையும் பின்னாளைய குடியையும் இணைக்கும் கண்ணியாகப் பல ஆய்வுகளில் தென்படுகிறது. பரபரப்பான அனுபவங்களை நாடும் குணம் வேறு. அது அன்பான வீட்டுப் பிள்ளையிடமும் இருக்கும்.

இதையெல்லாம் தலைவிதியாகக் கொள்ள ஆதாரமில்லை. ஆய்வாளர் கேத்தி விடம் 1989இல் வெளியிட்ட ஆய்வில், கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றத்தில் பதிவான 908 குழந்தைகளில் 26 விழுக்காட்டினரே இளம்பருவத்தில் கைதாயினர். ஒப்பீட்டுக் குழுவில் அது 17 விழுக்காடு.

முன்கூட்டியே உதவினால் பலன் கிடைப்பதையும் காணலாம். நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய திட்டத்தில், செவிலியர்கள் கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை வீடு தேடிச் சென்றனர். இவ்வீடுகளில் குழந்தைக் கொடுமைப் புகார்கள் குறைந்தன. திருமணமாகாத ஏழைத் தாய்மாரின் பிள்ளைகள் 15 வயதில் கைதானதும் குடித்ததும், செவிலியர் செல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே இருந்தன.