இசைத்தட்டும் மூல ஏடும்

பழஞ்சுவடிகளைத் தேடித் தொகுத்த வரலாற்றைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களில் கிடைத்த சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய்ந்தார். நூலாராய்ச்சிக்கு ஏடு எவ்வாறு இன்றியமையாததோ, அவ்வாறே சென்ற நூற்றாண்டின் இசையாராய்ச்சிக்கு முதற்பதிப்பு இசைத்தட்டு இன்றியமையாதது. ஆயினும், ஏடு தேடியோரைப் போற்றும் தமிழுலகம், தட்டுச் சேர்ப்போரை வெறும் பொழுதுபோக்காளர் எனவே பெரிதும் கருதி வந்துளது.

இவ்வரலாறு மலேசியத் தமிழருக்கு அயலானதன்று. ஜோகூரின் பெர்மாஸ் ஜெயா 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வளர்ந்த புதுக் குடியிருப்பு. அதனை அடுத்த நீரிணைக்கு அப்பால் இருப்பது சிங்கப்பூர். இலண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளரான பிரெட் கெய்ஸ்பர்க், 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். 1903இல் அதே பயணத்தில் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் பாடல்களைப் பதிந்தார். அடுத்த சில ஆண்டுகளுள் தென்னாட்டு இசையும் தட்டேறிற்று. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர்த் தாயி ஆகியோரின் குரல்கள் அவ்வாறு நிலைபெற்றவையே. தாயியின் தட்டைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், அதனைத் தழுவித் தம் நாட்டு முறையில் ஓர் இசைப்படைப்பையே ஆக்கினார். தட்டு எஞ்சியிருந்தமையாலன்றோ அப்படைப்பின் மூலம் எதுவென அறிஞர் துணிய முடிந்தது!

அந்நாளில் பாட்டு முதலில் மெழுகுத் தகட்டிற் பதியப்பெற்றது. அது கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகர் சென்று, உலோக அச்சாகிப் பின்னர்த் தட்டுகளாய்த் திரும்பியது. 1908 முதல் கல்கத்தாவின் சியால்டா ஆலையிலேயே தட்டுகள் அச்சாயின. தட்டின் முதன்மைப் பொருள் அரக்கு. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே பாடும். மேடையில் விருத்தமும் கற்பனையுமாக நெடுநேரம் விரிந்த நாடகப் பாட்டு, அச்சிறு எல்லைக்குள் சுருங்க வேண்டியதாயிற்று. எனவே, தட்டிற் கேட்பதை மேடையிசையின் முழுவடிவாகக் கொள்ளுதல் பொருந்தாது.

முதற்பதிப்பைத் தேடுவது எதற்கு? மறுபதிப்பிலும் பாட்டு உளதே என வினவலாம். முதற்பதிப்பின் நடுத்தாளில் உள்ள முத்திரை, அச்சான இடம், தாளை ஒட்டிய வெற்றிடத்திற் கீறப்பட்ட எண் ஆகியன பதிவின் காலத்தைக் காட்டும் சான்றுகள். கிராமபோன் கம்பெனியின் முத்திரையில் முதலில் இறகுகொண்டு எழுதும் தேவதை இருந்தது. பின்னரே குழல்முன் அமர்ந்த நாய் இடம்பெற்றது. மறுபதிப்பிலோ இத்தகைய சான்றுகள் மறைந்துவிடுதல் கூடும். மேலும், பழந்தட்டுகள் யாவும் சரியாக நிமிடத்திற்கு 78 சுற்றில் பதிந்தவை அல்ல. நகலெடுப்போர் வேகத்தைப் பிறழக் கொண்டால் சுருதி ஏறும்; அன்றி இறங்கும். ஏடெழுதியோர் பிழையை ஒத்தது இப்பிழை.

இதனால் நேரும் இழப்பு எத்தகையது என்பதற்குச் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவே சான்று. 1906இல் பிறந்து, உயர்ந்த சுருதியில் பாடி நாடக மேடையை ஆண்ட அவர், 1933இல் மறைந்தார். தமிழின் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தும், அவர் எப்படத்திலும் நடித்திலர். அவருடைய துணைவியார் கே. பி. சுந்தராம்பாளின் குரலைப் பிற்காலப் படங்களிலும் கேட்கலாம். கிட்டப்பாவின் குரலுக்கோ தட்டன்றி வேறு புகலில்லை. நகலை மட்டும் கேட்டு அவர்தம் சுருதியை அளப்பவர், நகலெடுத்தவரின் வேகத்தையே அளந்தவராதல் கூடும்.

நாட்டு வரலாற்றுக்கும் தட்டுகள் சான்றாவன. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய தேசியப் பாடல்கள் மேடையிலும் தட்டிலும் ஒலித்தன. எழுதப் படிக்க அறியாதாரிடத்தும் விடுதலை உணர்வை அவை கொண்டு சென்ற வகையைத் தியடோர் பாஸ்கரன் ஆராய்ந்து காட்டியுள்ளார். அச்செய்தித்தாளைப் படியாதார் காதிலும் பாட்டு புகுந்தது என்பதே அதன் சிறப்பு.

இச்செல்வம் எஞ்சியமைக்குத் தனியார் முயற்சியே பெருங்காரணம். சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டினார். தனியொருவர் தொகுப்பிலிருந்து 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தட்டுகளைப் பேணி வருகிறது.

தமிழர் குடியேறிய நாடுகளில் பழைய பெட்டிகளுள் உறங்கும் தட்டும் அத்தகைய செல்வமே. அதனைச் சாராயக் கலப்புள்ள நீர்மத்தால் துடைத்தல் ஆகாது, அரக்கு கரைந்துவிடும். படுக்கையாய் அடுக்காது நிமிர்த்தி வைத்தலும், நடுத்தாளின் பெயரையும் எண்ணையும் படியெடுத்து வைத்தலும் நன்று. வீசப்படும் ஒரு தட்டு, உலகில் எஞ்சிய கடைசிப் படியாகவும் இருத்தல் கூடும். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பெற்ற ஏடுகளுக்காக இன்றும் வருந்தும் தமிழர், தட்டுகளின் திறத்திலேனும் காலத்தே விழித்துக்கொள்ளல் வேண்டும்.