தூசியின் பூர்வீகம்

லாஸ் ஏஞ்சலிஸ் காற்று கெட்டுவிட்டது என்பதை அறிய அந்த ஊரில் யாருக்கும் கருவி தேவைப்படவில்லை. 1943 கோடையிலேயே கண்கள் எரிந்தன. 1947இல் மாசைக் கட்டுப்படுத்தத் தனி அமைப்பு வந்தது. 1957இல் வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிப்பதும் தடைசெய்யப்பட்டது. புகைமூட்டம் விலகவில்லை. பழி யார்மேல் என்ற வழக்கு இழுத்துக்கொண்டே போனதற்கு அன்றைய அளவீடும் ஒரு காரணம் என்பது என் கருத்து. வடிகட்டியில் படிந்த தூசியை எடைபோட்டார்கள், அல்லது தாள் எவ்வளவு கறுத்தது என்று பார்த்தார்கள். கடலுப்பு ஒரு மைக்ரோகிராம், கார்ப்புகை ஒரு மைக்ரோகிராம் என்றால் தராசுக்கு இரண்டும் ஒன்றே.

அந்தத் தேக்கத்தை உடைத்தது தனிமங்களின் கணக்கு. 1972இல் ஆய்வாளர் ஷெல்டன் ஃப்ரீட்லேண்டரும் சகாக்களும் பக்கத்து ஊரான பாசடீனாவின் காற்றுத் துகள்களைத் தனிமம் தனிமமாகப் பிரித்துப் பார்த்தார்கள். சோடியம் கடலைக் காட்டியது, அலுமினியம் மண்ணை, வனேடியம் உலை எண்ணெயை, ஈயம் காரை. ஒரு புகையில் ஈயம் எத்தனை பங்கு என்று தெரிந்தால், காற்றில் கிடைத்த ஈயத்தை வைத்து அந்தப் புகை மொத்தம் எவ்வளவு என்று கண்டுவிடலாம். ஈயம் உருக்காலையிலிருந்தும் வரலாமே என்று கேட்கலாம். ஆனால் எஞ்சினில் ஈயம் படியாமலிருக்கப் பெட்ரோலில் ஈயத்தோடு புரோமின் சேர்மமும் கலந்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் அது கார்ப்புகைதான். வெயிலில் காற்றிலேயே உருவாகும் துகள்களுக்கு இப்படி அடையாளத் தனிமம் இல்லை என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனாலும் நேரடியாக வந்தவற்றைக் கழித்ததால்தான், காற்றில் உருவானவற்றின் பங்கு எவ்வளவு பெரியது என்பதே புலப்பட்டது.

பிறகு ஈயம் என்ற அந்தச் சாட்சியே மறைந்தது. காரின் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியை ஈயம் கெடுத்துவிடும் என்பதால் 1975 மாடல்களிலிருந்து ஈயமில்லாப் பெட்ரோல் பரவியது. 1996இல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடையானது. அதே பாசடீனாவிலிருந்து விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் 1965 முதல் ஈயத்தின் கேட்டை எடுத்துச்சொல்லிப் போராடியதை நினைத்தால், இதைவிட நல்ல இழப்பு இருக்க முடியாது. ஈயம் போனபின் கார்ப்புகையை இனம்காண ஆய்வாளர் கிளென் காஸ் குழுவினர் எஞ்சின் எண்ணெயில் உள்ள ஹோபேன் போன்ற கரிமச் சேர்மங்களை நாடினார்கள். பிரேக் தேய்மானத்துக்கு இன்று செம்பு சாட்சி. பிரேக் பட்டைகளில் அதன் அளவையும் 2025க்குள் 0.5 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் இறக்கச் சொன்னது கலிஃபோர்னியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம். இப்படிச் சாட்சிகள் மாறும்போது, எந்த மூலத்தில் எந்தத் தனிமம் எத்தனை பங்கு என்ற பட்டியலைப் புதிதாக அளக்காமல் பழைய எண்களோடு கணக்குப் போட்டால், கார் செய்த கேட்டுக்கு மண் பழி சுமக்கும்.