அவசர காலம் விட்டுச் சென்றவை

ஆறாம் ஆண்டு மாணவர்கள் பன்னிரண்டு வயதை அடைந்ததும் தேசியப் பதிவு இலாகாவிற்குச் சென்று அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் பெற்றோருக்கு நினைவூட்டுகிறோம். பிள்ளைகளுக்கு அது பெருமைக்குரிய நாள். ஆனால் அந்த வயது ஏன் பன்னிரண்டு என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. விடை 1948-ஆம் ஆண்டில் கிடக்கிறது.

அவ்வாண்டு ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாள் கழித்து, ஜூன் 18-இல், மலாயா முழுவதும் அவசர காலம் பிரகடனம் செய்யப்பட்டது. கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களைப் பொதுமக்களிடமிருந்து பிரித்தறிய வேண்டும் என்ற நோக்கில் பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அவசர கால விதி ஒன்று வந்தது. படமும் விரல் ரேகையும் கொண்ட அட்டை அப்போதுதான் நம் கைக்கு வந்தது. அவசர காலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது, அட்டை முடியவில்லை. 2001-இல் அது நுண்சில்லு பதித்த மைகாட் ஆனது. இன்று அட்டை இல்லாத பிள்ளை தேர்வு எழுதுவதற்கும் மருத்துவமனைக்குச் செல்வதற்கும் படும் பாட்டை நம் பள்ளிகளில் பணியாற்றும் எவரும் அறிவர். கெரில்லாவைக் கண்டுபிடிக்க வந்த காகிதம், தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் தொலைந்துபோன ஏழைத் தமிழனை அந்நியனாக்கும் காகிதமாக மாறிவிட்டது.

அமெரிக்காவில் இத்தகைய தேசிய அட்டை கிடையாது. மாநிலங்கள் தரும் வாகன உரிமங்களை ஒரே தரத்தில் அமைக்க 2005-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதையே பல மாநிலங்கள் எதிர்த்தன. காலக்கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், 2025 மே 7-இல்தான் விமான நிலையங்களில் நடைமுறைக்கு வந்தது. அங்கே 'லிபர்டேரியன்' எனப்படுவோர் இதற்காக இருபது ஆண்டுகள் வாதாடினார்கள். அரசாங்கத்தின் அதிகாரம் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு குடிமகன் நிமிர்வான் என்பது அவர்களது கொள்கை. என்னையும் அப்பெயரால் அழைத்தால் மறுக்கமாட்டேன். அரசாங்கச் சம்பளத்தில் வாழும் ஆசிரியன் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் புன்னகைக்கக்கூடும். அதிகாரத்தை அருகிலிருந்து பார்ப்பவனுக்கே அதன் எல்லையைப் பற்றிய கவலை கூடுதலாக இருக்கும் என்பேன்.

ஆயினும் அமெரிக்க நண்பர்களின் கொள்கையை அப்படியே இறக்குமதி செய்ய நமது வரலாறு இடந்தருவதில்லை. காரணத்தைக் கிள்ளானில் காணலாம்.

1941-ஆம் ஆண்டின் தொடக்கம். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. இரப்பர் விலை உயர்ந்திருந்தது. இந்தியத் தொழிலாளியின் நாட்கூலியோ 50 காசு. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளி அதைவிடக் கூடுதலாகப் பெற்றார். 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச்.நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தோட்ட மக்களை ஒன்றுதிரட்டினார். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படிக்கும்போது, கூலி உயர்வு அவற்றில் ஒன்று மட்டுமே என்பது தெரியவரும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் வந்துபோக அனுமதி வேண்டும். கொடுமைக்கார கிராணிகளை நீக்க வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்தச் சைக்கிள் கோரிக்கையை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இறங்கி நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது தோட்டத்தின் வழக்கம். தனியார் நிலத்தில் தனியார் முதலாளி வகுத்த ஒழுங்கு. உறவினர் உள்ளே வரக்கூடாது என்பதும் அவ்வாறே. சொத்துரிமையை உயிராகப் போற்றும் அமெரிக்க லிபர்டேரியன் ஒருவர் இதைக் கேட்டால், "நிலம் அவருடையது, விருப்பமில்லாதவர் வேலையை விட்டுப் போகலாமே" என்று சொல்லக்கூடும். எங்கே போவது? வீடு முதலாளியுடையது, கடை அவருடையது, பள்ளிக்கூடம் அவருடையது, வெளியே செல்லும் மண்பாதையும் அவருடையது. அரசாங்கமோ அவருக்குக் காவல் நின்றது. இவ்விரண்டு அதிகாரங்களும் கைகோத்து நின்ற இடத்தில், ஒன்றை மட்டும் எதிரியாகக் கொள்ளும் சுதந்திரக் கொள்கை பாதிக் கொள்கையே.

கள்ளுக்கடையைப் பற்றியும் ஒரு சொல். மதுவை அரசாங்கம் தடுப்பது தனிமனித உரிமைக்கு எதிரானது என்பது என் கருத்து. ஆனால் தோட்டத்துக் கள்ளுக்கடை அரசாங்க உரிமத்துடன் தோட்ட எல்லைக்குள்ளேயே நடந்தது. கொடுத்த கூலியை மாலையிலேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் 'சந்தைச் சுதந்திரம்' என்று அழைக்க என்னால் இயலாது.

ஏப்ரல் வாக்கில் ஊதியத்தில் சிறிது உயர்வு கிடைத்தது. ஆனால் மற்ற குறைகள் தீரவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவர்மீது நீதிமன்றத்தில் குற்றம் எதுவும் நிறுவப்படவில்லை. நாடு கடத்துவதற்கான உத்தரவே வந்தது. அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் திரண்டார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பல தோட்டங்களுக்குப் பரவியது. மே 16-இல் சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது, இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். நாதன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஏழு மாதம் கழிவதற்குள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். தோட்டத் தொழிலாளியை அடக்க ஆயுதமும் ஆணையும் வைத்திருந்த அரசாங்கம், 1942 பிப்ரவரிக்குள் சிங்கப்பூரையும் இழந்து கைகட்டி நின்றது.

1948-இன் அவசர காலம், இதே கருவிகளைக் கூர்தீட்டி எடுத்துக்கொண்டது. பிரகடனத்திற்குச் சில நாள் முன்னரே தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் செயல்பட முடியாமல் ஆக்கப்பட்டது. அதன் தலைவர், தஞ்சை மண்ணில் பிறந்த எஸ்.ஏ.கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்ற குற்றத்திற்காக 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆயுதம் வைத்திருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றம் என்பது அவசர கால விதி. இந்திய அரசாங்கம் கேட்டுக்கொண்டும் பயனில்லை. கணபதியின் அரசியலை நான் ஏற்பவனல்லன். அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தண்டனையின் அளவைப் பற்றிய கேள்வி அதனால் மறைந்துவிடாது.

அவசர காலம் முடிந்த மறுநாள், 1960 ஆகஸ்டு 1-இல், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் மக்கள் வாயில் 'இசா' என்று வழங்கிய சட்டம் அது. விசாரணையின்றி இரண்டு ஆண்டுகள் வரை ஒருவரைத் தடுத்து வைக்க அமைச்சருக்கு அதிகாரம். முடிந்தபின் மீண்டும் புதுப்பிக்கலாம். கம்யூனிஸ்டு அச்சுறுத்தலுக்கு எதிரான சட்டம் என்றே நாடாளுமன்றத்தில் அறிமுகம் செய்யப்பட்டது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி 1989 டிசம்பர் 2-இல் ஹாட்யாயில் ஆயுதங்களைக் கீழே வைக்க ஒப்புக்கொண்டது. அதன் பின்னும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் சட்டம் வாழ்ந்தது. மொத்தத்தில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதன்கீழ் அடைபட்டனர்.

இடையில் 1987 அக்டோபரில் 'ஒப்பராசி லாலாங்'. ஆசிரியர்கள் இதைச் சற்று உற்று நோக்க வேண்டும். சீனப் பள்ளிகளில் மாண்டரின் வழிக் கல்வி பெறாதவர்களை நிருவாகப் பொறுப்புகளில் அமர்த்தியதால் எழுந்த பூசல்தான் அதற்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று. முடிவில் 106 பேர் கைதாயினர். மூன்று நாளிதழ்களின் உரிமம் பறிக்கப்பட்டது. கர்ப்பால் சிங், வி.டேவிட், பி.பட்டு ஆகியோரும் உள்ளே போனார்கள். இவர்களுள் எவரும் காட்டில் துப்பாக்கி ஏந்தியவரல்லர்.

2007 நவம்பர் 25-இல் இண்ட்ராப் பேரணி கோலாலம்பூரில் நடந்தது. டிசம்பர் 13-இல் ஐவர் இசாவின்கீழ்க் கைதாகிக் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் மனோகரன், முகாமில் இருந்தபடியே 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். 1941-இல் நாதனுக்காகத் திரண்ட அதே கிள்ளான்! இம்முறை வாக்குச்சீட்டு இருந்தது. இறுதியாக 2009 மே மாதம் அவர் வெளியே வந்தார்.

1969 மே 15-இல் பிரகடனம் செய்யப்பட்ட அவசர நிலையின் கதை இன்னும் வியப்பானது. அது 2011-இல்தான் இரத்து செய்யப்பட்டது. அவ்வாண்டு பிறந்த குழந்தை நாற்பத்திரண்டு வயது வரை, தான் அவசர நிலையில் வாழ்கிறோம் என்பதையே அறியாமல் பள்ளிக்குச் சென்று, மணம் முடித்து, தன் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பியிருக்கும்.

இதில் மலேசியா தனித்து நிற்கவில்லை. ஈரான் தொடர்பாக 1979 நவம்பரில் அதிபர் கார்ட்டர் அறிவித்த தேசிய அவசர நிலையை அவருக்குப் பின்வந்த ஒவ்வோர் அதிபரும் ஆண்டுதோறும் நீட்டித்தே வந்திருக்கின்றனர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நாற்பத்தைந்து நாளில் 'பேட்ரியட்' சட்டம் கையெழுத்தானது. செனட் சபையில் எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர், ரஸ் ஃபைன்கோல்டு. கீழவையில் அதிபரின் சொந்தக் கட்சியில் எதிர்த்த மூவருள் ரான் பால் ஒருவர். சட்டத்தின் சில பிரிவுகளுக்குக் காலவரையறை வைத்திருந்ததனால், அவை 2020-இல் காலாவதியாயின. பிரச்சினை கட்சி சார்ந்ததன்று என்பதற்கு 2025 நிகழ்வுகளே சான்று. 1798-ஆம் ஆண்டின் 'எதிரி நாட்டு அந்நியர்' சட்டத்தை எடுத்து, போர் ஏதும் இல்லாத காலத்தில், வெனிசுவேலாக் குடியேறிகளை விசாரணையின்றி எல் சல்வடோர் சிறைக்கு அனுப்பியது டிரம்ப் அரசாங்கம். 'சிறிய அரசாங்கம்' என்று மேடைதோறும் முழங்கிய கட்சியினரில் பெரும்பாலோர் அதற்குக் கைதட்டினர். அவர்களுக்கு முன்னறிவிப்பும் வாதாடும் வாய்ப்பும் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7-இல் சொல்ல வேண்டியிருந்தது. நாதனுக்கு அந்த வாய்ப்புக்கூட இருக்கவில்லை.

பெற்றோர் சிலர் கேட்கும் கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் தலையிடாதிருந்தால் தமிழ்ப்பள்ளி இருந்திருக்குமா? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியதால்தான் துரைமார் கொட்டகையாவது போட்டார்கள். இதை நான் மறுக்கவில்லை. முதலாளிக்குக் கடமை விதிக்கும் சட்டமும், குடிமகனை வழக்கின்றி அடைக்கும் சட்டமும் ஒரே அதிகாரத்தின் பெயரால் வருகின்றன. ஆனால் முந்தையதை எதிர்த்து முதலாளி நீதிமன்றம் செல்லலாம். பிந்தையதில் நீதிமன்றத்தின் கதவையே அடைத்து வைத்தார்கள். நான் எதிர்ப்பது அடைத்த கதவை.

இசாவுக்கு மாற்றாக 2012-இல் 'சோஸ்மா' வந்தது. நீதிமன்றத்தில் நிறுத்தாமல் 28 நாள் வரை தடுத்து வைக்கும் அதன் பிரிவுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். 2022 மார்ச்சில் அந்த நீட்டிப்பு இரண்டே வாக்கு வேறுபாட்டில் தோற்றது: ஆதரவு 84, எதிர்ப்பு 86. ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அந்த நீட்டிப்பு 2022 ஜூலை 31 முதல் ஐந்தாண்டுகளுக்கு உரியது.