முளையும் கொம்பும்: காரியாபட்டிப் பக்கத்து வாழ்க்கைச் சடங்குகள்

காரியாபட்டி, விருதுநகர் மாவட்டத்தின் வடபகுதியில் மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பியே பருத்தியும் சோளமும் கம்பும் விளைந்தன. விதை முளைக்குமா என்ற கவலையோடு ஆண்டுதோறும் வாழ்ந்த மக்கள், குடும்பத்தில் நேரும் மாற்றங்களையும் மண்ணோடும் பயிரோடும் சேர்த்தே எதிர்கொண்டார்கள்.

பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலையால் குச்சு கட்டுவார். சடங்கு முடிந்ததும் அது பிரிக்கப்படும். கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் ஊன்றுவார்கள். வீட்டின் ஈசானிய மூலையில் குழி தோண்டி, நவதானியமிட்டு, பால் ஊற்றி நடுவது வழக்கம். கல்யாண முருங்கைக் கொம்பு இதற்கு ஏற்றது. வெட்டி நட்ட போத்து ஈர மண்ணில் எளிதில் வேர்விடும். கிண்ணங்களில் தானியம் முளைக்கவைக்கும் பாலிகையும் மிகப் பழையது. கோவலன்–கண்ணகி திருமணத்தில் பெண்கள் பாலிகையும் முளைக்குடமும் ஏந்தி வந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது.

ஊருக்குப் பொதுவான வடிவம் முளைப்பாரி. அம்மன் கோயில் திருவிழாவுக்கு முன் பெண்கள் மண்சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, பயறு வகைகளை விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து நீர் தெளிப்பார்கள். வெயில் படாததால் முளை வெளிர்மஞ்சளாக உயர்ந்து வளரும். இரவுகளில் சுற்றி நின்று கும்மியடிப்பார்கள். பிள்ளை வரம், மகளின் கல்யாணம் என மனத்தில் உள்ளவை வேண்டுதலாகும். விழா முடிவில் கண்மாயிலோ கிணற்றிலோ முளையைக் கரைப்பார்கள்.

சாவிலும் இந்த விதைப்பு உண்டு. எரித்த இடத்தில் பால் தெளித்து நவதானியம் தூவும் வழக்கம் தென்மாவட்டங்களில் பல சமூகங்களிடம் இருக்கிறது. துக்கத்தில் கையறு நிலையில் நிற்பவருக்கு இந்த விதைப்பு ஒரு வேலையைத் தருகிறது. இச்சடங்குகளில் மிக ஆழமானது இதுவே.

இப்போது மண்சட்டியின் இடத்துக்குப் பிளாஸ்டிக் தட்டு வந்துவிட்டது. மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் முகூர்த்தக்கால் மணல் வாளியில் நிற்கிறது. பல கண்மாய்களைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கிறது. முளைப்பாரியைக் கரைக்க நீர் வேண்டுமானால், அந்தக் கண்மாய்களை முதலில் தூர்வார வேண்டும்.